பட்டு சுற்றிய கடிவாளம்

மாசி 22, திங்கள்

விடியலில் பனி, எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். அப்பளம் இடுவதாக இருந்தது. பிசைந்த மாவு அப்படியே காய்ந்து கிடக்கிறது. எல்லாம் இந்தக் குதிரையால்.

நடந்தது: ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பிற்று. உள்ளே கோதையும் இவரும். முதலில் பெண்ணைப் பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பிறகு இவரைக் கோர்ட்டில் விடுவது வழக்கம். தறிக்காரர் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் அரக்குப் பட்டு இழை, கம்பு நட்டு, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று இழை பிரித்துக்கொண்டு. வண்டி ஓட்டும் காசிம் சாயபு வாரைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுக்க இழுக்கக் குதிரை தலையைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு, நேரே பாவுக்குள். ஒரு குடும்பத்தின் உழைப்பு ஒரு நிமிஷத்தில் சிக்கு. இவர் தலைப்பாகையும் அந்தச் சிக்குக்குள். கோதை வண்டியிலிருந்து விழுந்து நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு.

அவள் அழவில்லை. நேரமாகிறது, இன்னொரு வண்டி பிடியுங்கள் என்றாளாம். இவர்தான் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்து, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை.

திறந்தவர் பெரியவர். இவருடைய அண்ணா. கோயில் கோஷ்டியில் முன்வரிசை, வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"பதிமூணு வயசுப் பொண்ணு நடுத்தெருவுல விழுந்து எழுந்திருந்தா. ஊரே பாத்துது. இன்னும் ஒரு தடவை வண்டி நடுத்தெருவுல நின்னுதுன்னா படிப்பும் நின்னுது. நான் சொல்லிட்டேன்."

எட்டாவது பரீட்சை பங்குனி ஒன்பதாம் தேதி ஆரம்பம். தெருவில் நடந்து போகக்கூடாது, வாடகை ஜட்காவில் அந்நியரோடு போகக்கூடாது, சொந்த வண்டியானால் போகலாம். இதுதான் இந்த வீட்டு ஏற்பாடு. ஆகவே என் பெண்ணின் படிப்பு இப்போது ஒரு மட்டக்குதிரையின் வாயில்.

என்னை நாலாவதோடு நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை அப்போது. இவளை நிறுத்த விடமாட்டேன். எழுதிவிட்டேன், சரி.

மாசி 23, செவ்வாய்

வெயில். தலைவலி. தறிக்கார ஏகாம்பரம் சிக்கின பாவைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.

"இன்னாமா இது, குருதையா பூதமா? எங்க வூட்டுப் பொம்பளைங்க குந்திக்கினு இழை இழையா எடுத்துதுங்க. அத்தினியும் மெரிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாரி என்னியப் பாத்துக்கினு நிக்குது!"

நியாயம். இவர் ஈடு கொடுத்து அனுப்பினார். பாவு நமக்கே. கூடை நிறைய அரக்குப் பட்டு, கூடத்து மூலையில். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

குதிரை ஓடினதற்குக் கடிவாளம்தான் காரணம் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. எந்தக் கடிவாளம் என்றால் ஆளுக்கொரு கட்சி. இப்போது இருப்பது முள் கடிவாளம். வாய்க்குள் போகும் இரும்பில் சின்னச் சின்ன முள். பார்த்தாலே எனக்குப் பல் கூசுகிறது.

காசிம் சாயபு: "இதுக்கு வாய் மரத்துப் பூட்சிமா. முள்ளு இல்லாம என் கைக்கு அடங்காது. எங்க வாப்பா காலத்துலருந்து முள்ளுதான்."

இவர்: பட்டணத்து சிநேகிதரிடம் வாங்கிவந்த இங்கிலீஷ் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம். குதிரையின் வாய் குழந்தையின் கன்னம் மாதிரி மிருதுவாம். முள் காட்டுமிராண்டித்தனமாம். சீமைக் கடிவாளத்துக்குப் பட்டணத்துக்கு எழுதியாயிற்று. இவர் சொன்னது எனக்குப் பிடித்தது. அதையும் எழுதி வைக்கிறேன், பிடித்ததையே எழுதுவதில்லை என்று இருக்கக்கூடாது.

பெரியவர்: குதிரையை விற்றுவிட்டு மாடு வாங்கு.

குதிரைக்கு இந்த வீட்டில் மூன்று பெயர். இவருக்கு டச்சஸ். சாயபுக்கு ஷைத்தான். கோதைக்கு வெல்லக்கட்டி. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது.

மாசி 25, வியாழன்

கோதை மூன்று நாளாக வீட்டில். கிணற்றடிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டு பூகோளம் நெட்டுருப் போடுகிறாள். நதிகளின் பெயர் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்று வந்த யோசனைகள்:

எதிர்வீட்டு சம்ஸ்கிருத வாத்தியார்: கடிவாளத்தில் வெல்லம் தடவுங்கோ. தடவினோம். எறும்பு.

தாமலிலிருந்து நெல் கொண்டுவந்த குத்தகைக்காரர்: "மூக்கணாங்கவுறு போட்டுடுங்கம்மா, சரியாப் பூடும்." குதிரைக்கு!

பால்காரி: "மாகறல் சாமிக்கு நேந்துக்கோமா." இது பெரியவர் காதில் விழுந்தது. சிவன் கோயிலுக்கா என்று ஒரு பார்வை. பால்காரி நாளைக்குப் பாலில் தண்ணீரைக் கூட்டப்போகிறாள்.

போஸ்ட் மாஸ்டர்: கண்ணைக் கட்டிவிட்டால் போதும். யார் கண்ணை என்று கேட்க வாய் வந்தது.

ஒருத்தராவது லாயத்துக்குப் போய் அதன் வாயைத் திறந்து பார்த்தார்களா? கிடையாது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து காபி.

காபிப்பொடி தீர்ந்தது.

மாசி 29, திங்கள்

பார்சல் வந்தது. இவர் முகத்தில் கல்யாணக் களை. பளபளவென்று வெள்ளை இரும்பு, இரண்டு பக்கமும் நீளமாகக் கை மாதிரி தொங்குகிறது, அதில் ஓட்டை ஓட்டையாக. முகவாய்க்குக் கீழே ஒரு சங்கிலி. எந்த ஓட்டையில் வாரை மாட்டினால் எவ்வளவு அழுத்தும் என்று புஸ்தகத்தில் படம் போட்டிருக்கிறது. படத்தில் இருக்கும் குதிரை நம் வீட்டு நிலைப்படியைவிட உயரம்.

மாட்டினார்கள். மெலிந்த கையில் பெரிய வளையல் போட்ட மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. குதிரை நாக்கை எடுத்து இரும்புக்கு மேலே போட்டுக்கொண்டது. சங்கிலி கலகலவென்று. நான் சமையலறையிலிருந்து சொன்னேன், அளவு பெரிசு என்று. "நீ சும்மா இரு வேதம், இது விஞ்ஞானம்" என்றார்.

விஞ்ஞானம் பாதி வழி போயிற்று. அப்புறம் குதிரை தானாகவே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே கோதை, இவர், ஒரு கட்டு கேஸ் கட்டுகள்.

பெரியவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் இறங்கி, கோர்ட்டில் பேசுகிற குரலில்: "அண்ணா, நீங்க சொன்னது நடுத்தெருவுல நின்னா. இது நிக்கலை. திரும்பித்து."

பெரியவருக்கே மீசை துடித்தது. அவருக்கு மீசை கிடையாது, இருந்தால் துடித்திருக்கும். பரீட்சை வரைக்கும் தவணை கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஜெயித்து நான் பார்த்த ஒரே கேஸ்.

மாசி 30, செவ்வாய்

இனி இவர்களை நம்பிப் பயனில்லை. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது நானும் கோதையும் லாயத்துக்குப் போனோம். அவள் ஒரு கை புல்லைக் காட்டினாள், நான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்த்தவள், இதற்கு என்ன பயம். கடித்தால் கடிக்கட்டும்.

கடிக்கவில்லை. பாவம். ஈறு சிவந்து, வாய் ஓரம் இரண்டு பக்கமும் கன்றிப்போய், ஒரு இடத்தில் பொருக்கு. நாக்கு தடிமன். அந்த வாய்க்குள் முள்ளை வைத்து இழுத்தால் நானும்தான் பாவுக்குள் ஓடுவேன்.

சாயந்தரம் சாயபுவைச் சேணம் தைக்கும் கடைக்கு அனுப்பினேன். முள் இல்லாமல், வழவழவென்று ஒரே இரும்பு, சின்ன அளவு. வந்தது. கடைக்காரர் அதற்குமேல் மெத்தென்று தோல் சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தார். வாய்ப்புண்ணுக்கு நல்லதாம். எனக்கு நிம்மதி. அரை மணி நேரம்தான்.

பெரியவர்: "என்னது அது? தோலா? சேணம் லாயத்துலயே கிடக்கறது, அது வேற. இதைத் தினம் அலம்பணும். எங்க அலம்புவேள்? பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கற கிணத்தடியிலயா?"

இரும்பானால் பரவாயில்லையாம். தோல் கூடாதாம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"பட்டு மடிதானே? தோலை எடுத்துட்டுப் பட்டைச் சுத்தினா?"

பட்டுக்குத் தீட்டு கிடையாது என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் பாடம் சொன்னவரே அவர். நனைத்து உலர்த்தாமல் அப்படியே உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர். "பட்டுக்கு தோஷமில்லை" என்றார், யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்த மாதிரி.

பாவு கூடை மூலையில்தானே இருக்கிறது.

பங்குனி 1, புதன்

நோன்பு. விடியலில் எழுந்து அடை வேகவைத்து, வெண்ணெய் எடுத்து, சரடு கட்டிக்கொண்டு, கணவர் நன்றாக இருக்க வேண்டும் என்று சேவித்தாயிற்று. சேவித்து எழுந்தால் அந்தக் கணவர், ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் சீமைக் கடிவாளமே சரியாக வரும் என்று ஆரம்பிக்கிறார். அடையை வாயில் கொடுத்தேன். பேச்சு நின்றது.

மத்தியானம் முழுக்கப் பட்டு வேலை. தோலைப் பிரித்தேன். கோதை இழையைச் சிக்கெடுத்துக் கொடுக்க, மூன்று புரியாகப் பின்னி, இடது கோடியிலிருந்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசி நுனியை உள்ளே செருகி ஊசியால் தைத்தேன். முடிச்சே கிடையாது. முடிச்சு இருந்தால் அது உறுத்தும். விரலை ஓட்டிப் பார்த்தேன், சொந்த வாயில்கூட வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கல்யாணப் பொண்ணு மாரி இருக்கப்போறது வெல்லக்கட்டி" என்றாள் கோதை. கல்யாணம் என்ற வார்த்தையைப் பெரியவர் காதில் விழும்படி சொல்லாதே என்றேன்.

பங்குனி 2, வியாழன்

போயிற்று! வந்தது! நிற்கவில்லை, திரும்பவில்லை, தலையைத் தூக்கவில்லை.

முதலில் மென்றது. சப்பியது. சாயம் கொஞ்சம் கரைந்து நுரை ரோஜா நிறம். பெரியவர் பார்த்துவிட்டு, "தாம்பூலம் போட்டுண்டாப்ல இருக்கு" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி எத்தனை வருஷம். சாயபுதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஏதோ நல்ல புத்தி வந்துக்கீது, நாளிக்குப் பாக்கலாம்" என்றார். நல்லது நடந்தால் இவருக்குப் பொறுக்காது.

கோதை வந்ததும் புஸ்தகப் பையைப் போட்டுவிட்டு நேரே லாயம். பாயசம் வைத்தேன். காரணம் யாரும் கேட்கவில்லை.

பங்குனி 3, வெள்ளி

இன்றும் நன்றாகவே போயிற்று. ஆனால் ஏகாம்பரநாதர் கோயிலில் உற்சவம் ஆரம்பம். பள்ளிக்கூடம் திரும்பும் இடத்தில் மேளம், கூட்டம். குதிரை காதை விறைத்துக்கொண்டு இரண்டு துள்ளுத் துள்ளிற்றாம். அப்புறம் சரியாகிவிட்டதாம்.

"ரெண்டே ரெண்டு துள்ளல்மா. எனக்கு சிரிப்புதான் வந்தது" என்றாள் கோதை.

இவருக்கு வரவில்லை. ராத்திரி சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "பட்டை வாயில வெச்சு ஒரு மிருகத்தை நிறுத்த முடியுமா வேதம்?" நிறுத்த வேண்டாம், போனால் போதும் என்றேன். பாதிச் சாதம் இலையில். ரசத்தில் உப்புக் கூட என்றால் சொல்லித் தொலைக்கலாமே.

பங்குனி 6, திங்கள்

மானம் போயிற்று.

கடைத்தெருவில் உற்சவக் கூட்டம். வண்டி மெல்லப் போயிருக்கிறது. யாரோ கூவியிருக்கிறார்கள், குதிரை வாயில் ரத்தம் என்று. அவ்வளவுதான். கோதை சொன்னபடி எழுதுகிறேன்.

ஒரு ஆள்: "யோவ், வாயெல்லாம் கிழிஞ்சி ரத்தம் ஊத்திக்கினு கீது, ஓட்டிக்கினு போறியே, மன்சனா நீ?"

ஒரு கிழவி: "வாயில்லா ஜீவன்பா அது!"

கான்ஸ்டேபிள் வந்தார். இவர் இறங்கி, முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில்: ரத்தம் இல்லை, சாயம். வாய் புண்ணாகக்கூடாது என்று வீட்டில் பட்டு சுற்றியிருக்கிறோம். கான்ஸ்டேபிள் தன் துண்டால் நுரையைத் துடைத்துப் பார்த்தாராம். செக்கச்செவேல். "குருதைக்குப் பட்டா?" என்று கூட்டம் சிரித்ததாம். அந்தச் சிரிப்பில் விட்டுவிட்டார்கள். சாயபு தலையைக் குனிந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் பேசாமல் இருந்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

வண்டி நடுத்தெருவில் நின்றது என்று பெரியவர் ஆரம்பித்தார். போலீஸ்காரர் நிறுத்தினார், குதிரை நிற்கவில்லை என்றார் இவர். குரலில் கோர்ட்டு இல்லை.

எனக்கு என்மேல்தான் எரிச்சல். சாயம் போகிற பட்டு என்று முதல் நாளே தெரிந்தும் கொதிக்கவைத்து அலசாமல் விட்டேனே. ஏகாம்பரத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், சாயம் போடாத பட்டு கொஞ்சம். நாளைக்குப் பிரித்துப் புதிதாகச் சுற்றிவிடலாம்.

பங்குனி 7, செவ்வாய்

உள்ளங்கை எரிகிறது, எழுத்து கோணல்.

வெள்ளைப் பட்டு காலையிலேயே வந்துவிட்டது. கடிவாளத்தைக் கொண்டுவாருங்கள் என்று சாயபுவிடம் சொன்னேன். "அப்பறம் தரேம்மா." மறுபடி கேட்டேன். "வாரு தெச்சிக்கினுக்கீறேம்மா." இவரிடம் சொன்னேன். "பரீட்சை முடியட்டுமே, இப்ப எதுக்கு" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானே லாயத்துக்குப் போய் ஆணியிலிருந்து எடுத்துக் கிணற்றடியில் அலசினேன். ஒரு வாளி, சிவப்பு. இன்னொரு வாளி, சிவப்பு. பட்டில் இவ்வளவு சாயமா என்று பிழிந்தேன். உள்ளங்கையில் குத்திற்று.

என் சுற்று இல்லை அது. முடிச்சு, முரட்டு முடிச்சு, இரண்டு கோடியிலும். பிரித்தேன். உள்ளே முள். பழைய முள் கடிவாளம், மேலே என் பட்டு.

சாயபுவைக் கூப்பிட்டேன். சத்தம் போட வேண்டியிருக்கவில்லை.

"எசமான்தான் சொன்னாரும்மா. வெள்ளிக்கெளமை ராத்திரி வந்து, முள்ளு மேல பட்டச் சுத்து, அம்மாக்குத் தெரிய வேணாம்னாரு. நா முள்ளு வேணும்னு சொன்னவந்தான், இல்லேங்கல. ஆனா மூடி மறைக்கவா சொன்னேன்? கூட்டத்துல இஸ்துப் புடிக்கசொல்ல கை ஈரமாச்சி. பாத்தா ரத்தம். நேத்துலருந்து சோறு எறங்கலம்மா."

நேற்று அத்தனை பேர் எதிரில் இவர் சாயம், சாயம் என்றாரே! குழந்தையின் கன்னம் மாதிரி என்று படித்துக் காட்டினாரே! முள் இருப்பது தெரிந்துதானே கான்ஸ்டேபிளின் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்னையே நொந்துகொண்டு ராத்திரி தூங்கவில்லை, பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோர்ட்டிலிருந்து வந்ததும் கடிவாளத்தை ஊஞ்சலில் அவர் பக்கத்தில் வைத்தேன். அவரே பேசினார்.

"அன்னிக்கு அவ விழறச்சே நான் பக்கத்துலதான் உக்காந்துண்டிருந்தேன் வேதம். கையே எழும்பலை. மேளத்துல அது மறுபடி ஓடித்துன்னா? அவ படிக்கவும் வேணும், விழவும் கூடாது. நான் என்ன பண்ணட்டும்?"

என்னிடம் சொல்லியிருக்கலாம். அதைத்தான் பண்ணியிருக்க வேண்டும். நன்றாகத் திட்ட வாயெடுத்தேன், அவர் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை. அதுவும் எரிச்சல். ஒரு மனுஷியை முழுசாகக் கோபப்படக்கூட விடுவதில்லை இவர்கள்.

கோதை தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அதுக்கு வாய் ஆறற வரைக்கும் யாரும் எதுவும் மாட்டக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு லாயத்துக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவிடம் அந்தக் குரலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பங்குனி 8, புதன்

குதிரை வாயில் மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினோம். கஞ்சி குடித்தது.

நாளைக்குப் பரீட்சை. வண்டி? ஒரு மாட்டு வண்டி கிடையாது, எல்லாம் உற்சவத்துக்குக் கிராமத்து ஜனங்களை ஏற்றப் போயிருக்கிறது. ஜட்காவும் அப்படியே. இவர் நாலு இடம் அலைந்துவிட்டு வேர்த்துக்கொட்ட வந்தார். அந்த வழவழக் கடிவாளத்தை மாட்டி நானே பிடித்துக்கொண்டு போகிறேன் என்றார். கோதை பார்த்தாள். வேண்டாம் என்றார் அவரே.

பெரியவர் ஊஞ்சலில்: "வண்டி இல்லையோன்னோ. ஆச்சு. பெருமாள் சித்தம். அடுத்த மாசம் ஜாதகத்தை எடுத்துடலாம்."

பெருமாள் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். உளுந்து ஊறப்போட்டேன். எதையாவது செய்யாவிட்டால் கத்திவிடுவேன்.

பங்குனி 9, வியாழன்

காலையில் தளிகை முடித்து வந்து பார்த்தால், கோதை பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மைக்கூடு, ஒரு கையில் பேனாக்கட்டை, நிலைப்படியில் நிற்கிறாள்.

"நான் நடந்து போறேம்மா."

"நடந்தா? தெருவோடயா?" பெரியவர்.

"வேற எது வழியா பெரியப்பா போறது?"

துடுக்குத்தனமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன், அடுப்பை அணைத்தேனா என்று ஒரு நிமிஷம் சந்தேகம், பிறகு இறங்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கால் நின்றிருக்கும்.

இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் வெயிலில் இந்தத் தெருவில் நடந்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆள். சம்ஸ்கிருத வாத்தியார் செய்யுளை நடுவில் விட்டுவிட்டார். எனக்குக் காது சுட்டது. கோதை நதிகளைச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். இவர். குடையை விரித்துக்கொண்டு பத்தடி தள்ளி வருகிறார். கிட்டே வரவும் இல்லை, திரும்பவும் இல்லை. பேசக்கூடாது என்று இருந்தேன். குடை யாருக்காக என்று கேட்டேன். ஓடிவந்து கோதை தலைக்குமேல் பிடித்தார்.

தறிக்காரர் தெருவில் பாவு. தெரு அடைத்து நீட்டியிருக்கிறார்கள். எனக்குத் திக்கென்றது.

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "இன்னாமா நடந்து வர்றீங்க? குருதை எங்க?"

"வீட்டுல. வாய்ப்புண்."

சிரித்துவிட்டார். பிறகு ஆட்களைப் பார்த்து: "டேய், தூக்குங்கடா பாவ. பாப்பா பரிச்சைக்குப் போவுது, நின்னுக்கினு பாக்கறானுங்க!"

இரண்டு பக்கமும் தூக்கினார்கள். பச்சைப் பட்டு, தலைக்குமேல். மூன்று பேரும் குனிந்து போனோம். இவர் குடையை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இழையில் எதுவும் படாமல், அவ்வளவு ஜாக்கிரதையாக. கடிவாளம் மாற்றுகிற அன்று இந்த ஜாக்கிரதை இருந்திருக்கலாம்.

மணி அடிப்பதற்குள் போய்விட்டோம். பள்ளிக்கூட மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டேன்.

உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்து சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது பெரியவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக்கூடப் போகவில்லை. கோதையைக் கேட்டார்:

"யார் யார் பாத்தா?"

"எல்லாரும் பாத்தா பெரியப்பா. நாளைக்குக் கணக்கு."

அவர் எழுந்து, மேல்வஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

நாளைக்கு வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். தயிர்சாதம், ஊறுகாய், இரண்டு பேருக்கு. சரி, மூன்று பேருக்கு.